டிரேடு செய்தியின் கடைசிப் பெயர்

அதிகாலை ஐந்தரைக்கு அலாரம் வைத்து என்.பி.ஏ. ஆட்டம் பார்க்கும் தமிழ் ரசிகர்களுக்கு,



பிப்ரவரியில் ஓர் இரவு நீங்கள் தூங்குவதில்லை. அமெரிக்கக் கிழக்குக் கரையில் பிற்பகல் 3 மணிக்கு டிரேடு கெடு முடிகிறது. இங்கே அப்போது நள்ளிரவு தாண்டி 1:30. யார் எங்கே போகிறார், எந்த அணிக்கு லாபம், எந்த மேலாளர் ஏமாந்தார் என்று விடியும்வரை உங்கள் வாட்ஸ்அப் குழுக்கள் அடங்குவதில்லை. ஒவ்வொரு டிரேடிலும் ஒரு பெரிய பெயர் இருக்கும், ஓரளவு தெரிந்த பெயர் இன்னொன்று இருக்கும், ஒரு டிராஃப்ட் தேர்வு இருக்கும். இவற்றுக்குப் பிறகு, வாக்கியத்தின் வாலில், இன்னொரு பெயரும் வரும். அதை ‘ஃபில்லர்’ என்று எழுதிவிட்டு நீங்கள் அடுத்த செய்திக்குத் தாவிவிடுவீர்கள். சில சமயம் அந்தப் பெயரையே எழுதாமல் ‘மற்றும் சிலர்’ என்று முடித்துவிடுவதும் உண்டு.

இந்த மடல் அந்த வாலில் தொங்கும் ஆட்டக்காரருக்காக.

2022 பிப்ரவரிக் கெடு உங்களுக்கு மறந்திருக்காது. ஜேம்ஸ் ஹார்டன் ஃபிலடெல்ஃபியாவுக்கும் பென் சிம்மன்ஸ் புரூக்ளினுக்கும் மாறிய நாள். அன்றைக்கே இன்னொரு டிரேடும் நடந்தது. மான்ட்ரெஸ் ஹாரெலை வாங்குவதற்காக சார்லட் ஹார்னெட்ஸ் அணி, வாஷிங்டன் விசார்ட்ஸுக்கு இரண்டு ஆட்டக்காரர்களைக் கொடுத்தது. அவர்களில் ஒருவர் இஷ் ஸ்மித். சார்லட்தான் அவர் பிறந்த ஊர். பதினோரு ஆண்டுகள் நாடு முழுக்கச் சுற்றிவிட்டு, 2021 கோடையில்தான் சொந்த ஊர் அணியில் சேர்ந்திருந்தார். ஒரு பருவம் முழுதாக முடியவில்லை, பெட்டி கட்டவேண்டியதாயிற்று. ஹார்டனைப் பற்றி அன்று எத்தனை பேசினீர்கள்! ஸ்மித்துக்கு ஒரு வரியாவது எழுதிய ரசிகர் உங்களில் உண்டா?

இஷ் ஸ்மித்தின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் வினாடிவினாவில்தான் இருக்கும். என்.பி.ஏ. வரலாற்றில் மிக அதிகமான அணிகளுக்கு ஆடியவர் யார்? விடை: இஷ் ஸ்மித், 13 அணிகள். லீகில் மொத்தமே 30 அணிகள்தான். சக்கி பிரவுன், ஜிம் ஜாக்சன், டோனி மாசன்பர்க், ஜோ ஸ்மித் ஆகியோர் 12 அணிகளோடு முன்பு முன்னிலையில் இருந்தார்கள். 2022-23 பருவத்தில் டென்வர் நக்கெட்ஸுக்காக இறங்கியபோது இந்த நால்வரையும் இஷ் ஸ்மித் தாண்டினார். விடை சொன்னதும் ஒரு சிரிப்பு எழும். ‘எங்கேயும் நிலைக்காதவர்’ என்ற தீர்ப்பு அந்தச் சிரிப்பிலேயே இருக்கிறது. அந்தத் தீர்ப்போடுதான் இந்த மடலுக்கு வழக்கு.

அவர் ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு நியாயமான காரணமும் உண்டு; அதை மூடி மறைக்கவேண்டியதில்லை. உயரம் ஆறடி. என்.பி.ஏ.வில் அது குள்ளம். வெளியிலிருந்து எறிவதில் அவர் ஒருபோதும் தேர்ந்தவராக இருந்ததில்லை. ஸ்டீபன் கரிக்குப் பிறகு ஆட்டமே மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நகர்ந்துவிட்ட காலத்தில், எறியத் தெரியாத பாயிண்ட் கார்டை எதிரணி காவலில்லாமல் விட்டுவிடும். ஆனால் பந்தோடு ஓடும் வேகத்தில் அவரைப் பிடிப்பவர்கள் சொற்பம். வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தின் அசிஸ்ட் பட்டியலில் மக்சி போக்ஸுக்கு அடுத்து நிற்பவர் அவர். 2010 டிராஃப்டில் 60 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த 60 பேரில் அவர் இல்லை.

ஹூஸ்டன் அவருக்கு இடம் கொடுத்தது. முதல் பருவமே முடியவில்லை; 2011 பிப்ரவரியில் ஷேன் பாட்டியேவை மெம்ஃபிஸுக்கு அனுப்பிய டிரேடில் அவரும் சேர்ந்து போனார். அடுத்து கோல்டன் ஸ்டேட், பிறகு ஆர்லாண்டோ. 2013 பிப்ரவரியில் ஜே.ஜே. ரெடிக் மில்வாக்கிக்குப் போன டிரேடு உங்களுக்கு நினைவிருக்கும். ஆர்லாண்டோவுக்கு டோபையஸ் ஹாரிஸ் கிடைத்ததால் இன்றும் நீங்கள் அலசும் டிரேடு அது. ரெடிக்கோடு மில்வாக்கி விமானம் ஏறியவர்களில் இஷ் ஸ்மித்தும் ஒருவர். சில மாதங்களில் ஃபீனிக்ஸ், பிறகு ஓக்லஹோமா சிட்டி.

இந்தப் பட்டியலை அவசரமாகப் படித்தால் தகுதியில்லாத ஒருவரை அணிக்கு அணி தள்ளிவிட்டதுபோலத்தான் தோன்றும். சற்று நின்று, எந்த டிரேடு எதற்காக நடந்தது என்று பாருங்கள். மெம்ஃபிஸுக்கு வேண்டியிருந்தது பாட்டியே. மில்வாக்கிக்கு வேண்டியிருந்தது ரெடிக். சம்பள உச்சவரம்பைத் தாண்டிய அணிகள் டிரேடு செய்யும்போது இரு பக்கச் சம்பளமும் ஏறக்குறைய ஒத்துவரவேண்டும் என்பது லீகின் விதி. போதாததற்கு அணிப் பட்டியலில் ஆள் எண்ணிக்கையும் சரியாக இருக்கவேண்டும். இந்தக் கணக்கு நேராவதற்காக, தராசுத் தட்டில் வைக்கும் எடைக்கல்லாகச் சிறிய ஒப்பந்தக்காரர்களைச் சேர்ப்பார்கள். அவர் நேற்று நன்றாக ஆடினாரா என்று அந்த அறையில் யாரும் கேட்பதில்லை. ‘டிரேடுக்குச் சம்மதிக்கமாட்டேன்’ என்று ஒப்பந்தத்தில் எழுதிவாங்கும் உரிமை, லீகில் எட்டு ஆண்டும் அதே அணியில் நான்கு ஆண்டும் கழித்தவருக்குத்தான் உண்டு. ஒரே அணியில் நான்கு ஆண்டு தங்கவே விடாத ஒருவருக்கு அந்த உரிமை எப்படி வரும்?

நட்சத்திரம் அணி மாறினால் ‘துரோகி’ என்று அவருடைய சட்டையை எரிக்கிறார்கள். நீங்களும் அந்தக் காணொளியைப் பகிர்கிறீர்கள். அணியே ஒருவரை மாற்றினால் பழி அவர் திறமைமேல் விழுகிறது. இரண்டிலும் நிர்வாகம் தப்பித்துவிடுகிறது.

2015-16 பருவத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். இஷ் ஸ்மித்தை அளக்க அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. ஃபிலடெல்ஃபியா 76யர்ஸ் அப்போது ‘ப்ராசஸ்’ என்ற பெயரில் வேண்டுமென்றே தோற்றுக்கொண்டிருந்தது. டிசம்பர் 24 அன்று அவர்கள் கணக்கு ஒரு வெற்றி, 30 தோல்வி. அந்த அவமானம் பொறுக்காமல், நியூ ஆர்லீன்ஸிடம் இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்து இஷ் ஸ்மித்தை வாங்கினார்கள். முந்தைய வசந்தத்தில் அவர் அதே ஃபிலடெல்ஃபியாவுக்கு ஆடியவர்தான். கோடையில் அவரைப் போகவிட்டவர்களும் அவர்கள்தான். இரண்டு நாள் கழித்து ஃபீனிக்ஸில் அவர் இறங்கிய முதல் ஆட்டத்திலேயே 76யர்ஸ் ஜெயித்தது. மிச்சமிருந்த 51 ஆட்டங்களில் 9 வெற்றி. 10-72 என்று முடிந்த பருவம் பெருமைப்படும்படியானதல்ல. ஆனால் இளம் ஆட்டக்காரர்களுக்குச் சரியான இடத்தில் பந்து கிடைக்கத் தொடங்கியது. ஃபிலடெல்ஃபியாவில் அவர் ஆட்டத்துக்குச் சராசரி 14.7 புள்ளி எடுத்தார். பருவம் முடிந்ததும் அந்த அணி டிராஃப்டில் முதல் ஆளாக பென் சிம்மன்ஸைத் தேர்ந்தெடுத்தது. ஸ்மித் டெட்ராய்டுக்குப் போனார்.

டெட்ராய்டில் மூன்று ஆண்டுக்கு 1.8 கோடி டாலர். அவர் கண்ட முதல் நீண்ட ஒப்பந்தம் அது. ரெஜி ஜாக்சனுக்கு மாற்று என்றுதான் எடுத்தார்கள். பருவம் தொடங்குமுன் ஜாக்சனுக்கு முழங்கால் சிக்கல் வர, முதல் ஆட்டத்திலிருந்தே ஸ்மித்தை இறக்கவேண்டியதாயிற்று. அடுத்து வாஷிங்டன், அங்கே ஜான் வால் காயத்தில் படுத்திருந்தார். 2023 நவம்பரில் சார்லட் அவரை மறுபடி அழைத்தபோது டெர்ரி ரோசியர் காயத்தில் இருந்தார். இந்த வரிசையில் ஒரு தொழில் தெரிகிறது. வீட்டின் சாவி திடீரென்று கையில் விழும்போது, எந்த அறை எங்கே இருக்கிறது என்று தடுமாறாமல் விளக்கைப் போடத் தெரிந்தவர்களுக்கான தொழில். ஒவ்வோர் அணிக்கும் தன் ஆட்டத் திட்டங்களுக்குத் தனிப் பெயர்களும் கைச் சைகைகளும் உண்டு. இளைஞர்கள் மாதக்கணக்கில் பழகுவதை, அணி மாறியவர் இரண்டொரு நாளில் மனத்தில் ஏற்றிக்கொண்டு மறுநாள் பதினெட்டாயிரம் பேர் முன்னிலையில் நடத்திக் காட்டவேண்டும். பாயிண்ட் கார்டு என்றால் தன் வேலை மட்டும் தெரிந்தால் போதாது, மற்ற நால்வரும் எங்கே நிற்கவேண்டும் என்பதும் தெரிந்திருக்கவேண்டும்.

இதை நீங்கள் பார்ப்பதில்லை. குற்றச்சாட்டாகவே வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத் தொகுப்புக் காணொளியில் டங்க் இருக்கும், கடைசி நொடி எறிதல் இருக்கும். இரண்டாம் கால்பகுதியின் தொடக்கத்தில் நட்சத்திரங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்த ஐந்தாறு நிமிடங்கள் இருக்காது. முன்னிலை கரையாமல் காப்பதா, பின்தங்கியதை எட்டிப்பிடிப்பதா என்பது பல ஆட்டங்களில் அங்கேதான் முடிவாகிறது. இந்த மடலின் நாயகர்கள் களத்தில் இருப்பதும் அந்த நிமிடங்களில்தான். அந்நேரம் நீங்கள் காபி போடப் போயிருப்பீர்கள்.

ஊர் ஊராகப் போவது திறமைக்குறைவின் சான்று என்றால் ஜோ ஸ்மித்தை என்ன செய்வது? 1995 டிராஃப்டில் முதல் தேர்வு அவர். கெவின் கார்னெட்டுக்கும் முன்னால் எடுக்கப்பட்டவர். மினசோட்டா அணி அவரோடு ரகசிய ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டது 2000-இல் வெளியே வந்தது. லீக் அந்த அணிக்கு 35 லட்சம் டாலர் அபராதம் போட்டு, டிராஃப்ட் தேர்வுகளையும் பறித்தது. ஒப்பந்தம் செல்லாமல் போய் அவர் டெட்ராய்டுக்கு மாறினார். கடைசிவரை 12 அணிகள். டோனி மாசன்பர்க்கை 1990-இல் டிராஃப்டில் எடுத்தது சான் அன்டோனியோ. ஊரெல்லாம் சுற்றி, 2005-இல் அதே அணியோடு கோப்பை வென்று ஓய்வுபெற்றார். சக்கி பிரவுன் 1995-இல் கோப்பை வென்ற ஹூஸ்டன் அணியில் இருந்தவர். அந்தப் பருவத்தைத் தொடங்கியது சி.பி.ஏ. என்ற சிறிய லீகில். இஷ் ஸ்மித்துக்கும் 2023 ஜூனில் டென்வரோடு கோப்பை கிடைத்தது. பிளேஆஃப்பில் அவர் களமிறங்கியது சொற்பம்தான், மறுப்பதற்கில்லை. அதே அணியின் நட்சத்திரம் யோகிச், இரண்டாம் சுற்றில் 41-ஆவதாகத் தேர்வானவர். அவருடைய டிராஃப்ட் அறிவிப்பின்போது தொலைக்காட்சியில் டாகோ பெல் விளம்பரம் ஓடியது. யார் மதிப்பு எவ்வளவு என்பதில் இந்த லீக் எத்தனை முறை தடுக்கி விழுந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

‘கோடிக்கணக்கில் சம்பாதிப்பவருக்கு எதற்கு அனுதாபம்?’ என்று கேட்பீர்கள். அனுதாபம் கேட்கவே இல்லை. ஆனால் எல்லோரும் கோடியில் புரள்கிறார்கள் என்ற எண்ணத்தை ஒரு படி கீழே இறங்கிப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். ஓர் அணியில் வழக்கமான ஒப்பந்தம் 15 பேருக்கு. ஆக, உலகம் முழுவதற்கும் 450 இடங்கள். அதற்கு வெளியே நிற்பவர்களுக்கு ஜனவரி 5 முதல் பத்து நாள் ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. ஓர் அணி ஒரே பருவத்தில் ஒருவருக்கு இரண்டு முறைதான் அதைத் தரலாம். மூன்றாவது முறை வேண்டுமென்றால் பருவம் முடியும்வரை வைத்துக்கொள்ளவேண்டும். அதே சமயத்தில் இன்னொன்றும் நடக்கிறது. உத்தரவாதமில்லாத ஒப்பந்தங்கள் ஜனவரி 10 அன்று உறுதியாகிவிடும் என்பதால், 7-ஆம் தேதிக்குள் அணிகள் பலரைக் கழற்றிவிடுகின்றன. பொங்கலுக்கு முந்தைய அந்த வாரத்தில் ஒருவர் வெளியே வந்த கதவு வழியாகவே இன்னொருவர் பத்து நாள் சீட்டோடு உள்ளே போகிறார்.

இன்னும் கீழே, என்.பி.ஏ.வின் துணை லீகான ஜி லீக். அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்த ஆண்ட்ரே இங்கிராம் 2007-இல் டிராஃப்டில் தேர்வாகாமல் அங்கே போனார். பத்துப் பருவங்கள். 384 ஆட்டங்கள். மூன்று புள்ளி எறிதலில் அந்த லீகின் சாதனை அவர் பெயரில் இருந்தது. 2017-18-இல் அங்கே ஆண்டுச் சம்பளம் சாதாரணமாக 19,000 டாலரிலிருந்து 26,000 டாலர் வரை. குடும்பச் செலவுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தார். 2018 ஏப்ரலில், பருவ முடிவுச் சந்திப்பு என்று நினைத்து உள்ளே போனவருக்கு, லேக்கர்ஸ் நிர்வாகிகளான மேஜிக் ஜான்சனும் ராப் பெலிங்காவும் அணியின் ஒப்பந்தத்தை நீட்டினார்கள். மறுநாள் ஹூஸ்டனுக்கு எதிராக, 32 வயதில் அறிமுக ஆட்டம். 19 புள்ளிகள்; ஐந்து மூன்று புள்ளி எறிதல்களில் நான்கு உள்ளே. அரங்கம் ‘எம்.வி.பி.’ என்று கோஷமிட்டது. இரண்டு ஆட்டங்களுக்கு அவருக்குக் கிடைத்தது 13,824 டாலர் என்று செய்திகள் கூறின.

அந்தக் காணொளியை நீங்கள் பகிர்ந்தீர்கள், கண் கலங்கியதாகவும் எழுதினீர்கள். நல்லது. ஆனால் அதற்கு முந்தைய பத்து ஆண்டும் அவர் அதே எறிதலை எறிந்துகொண்டுதான் இருந்தார். பிறகு ஜி லீக் ஆட்டக்காரர்கள் தங்களுக்கென்று சங்கம் அமைத்தபோது அதன் தலைவரானவரும் அவரே. அந்தச் செய்தியைப் பகிர்ந்தவர்கள் எத்தனை பேர்? அதிசயம் நடக்கும் ஒரு நாள்தான் உங்கள் கண்ணில் படுகிறது.

நம்மவர் விஷயத்திலும் இதேதான் நடந்தது. 2015 ஜூனில் டாலஸ் மேவரிக்ஸ் சத்னாம் சிங்கை 52-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தபோது, என்.பி.ஏ. டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர் என்று ஒரு வாரம் கொண்டாடினீர்கள். அவர் டெக்சஸ் லெஜண்ட்ஸ் என்ற கிளை அணியில் இரண்டு பருவங்கள் பெரும்பாலும் பெஞ்சில் கழித்தபோது உங்கள் குழுக்களில் சத்தமே இல்லை. என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. பின்னர் மல்யுத்த மேடைக்குப் போய்விட்டார். அவரைப் போலவே லூதியானா அகாடமியில் பயின்ற அம்ஜோத் சிங் ஓக்லஹோமா சிட்டி புளூ என்ற ஜி லீக் அணிக்கு ஆடினார். அம்ரித்பால் சிங் ஆஸ்திரேலியாவில் சிட்னி கிங்ஸ் அணியில் ஒரு பருவம் ஆடினார். இந்தியக் கூடைப்பந்துக்கு நிஜமாகத் திறந்திருக்கும் வழி இந்த நாடோடித் தொழில்தான். அங்கே போய் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் பிழைத்தவர்களை நாம் தோற்றுத் திரும்பியவர்களாகப் பார்த்தால், சென்னையிலோ கோவையிலோ இன்று பயிற்சியில் இருக்கும் பதினேழு வயதுப் பெண்ணும் பையனும் என்ன முடிவுக்கு வருவார்கள்? ‘நட்சத்திரமாக முடியாதென்றால் இப்போதே விட்டுவிடு’ என்பதுதான் அவர்கள் காதில் விழும்.

ஆகவே உங்களிடம் வைக்கும் கோரிக்கை பெரிதல்ல. ஆனால் குறிப்பானது.

வரும் பிப்ரவரியில் கெடு இரவன்று, ஒரு டிரேடு செய்தி வந்தவுடன் அதைக் கடைசிப் பெயரிலிருந்து படியுங்கள். அவர் யார், இது எத்தனையாவது அணி, போகிற இடத்தில் யாருடைய காயத்தை அடைக்கப் போகிறார், சம்பளக் கணக்குக்காக மட்டுமே சேர்க்கப்பட்டாரா என்று தேடுங்கள். ஐந்து நிமிட வேலை. பிறகு உங்கள் குழுவில் அதை நாலு வரி எழுதுங்கள். அதற்கப்புறம் நட்சத்திரத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள்.

தமிழில் பாட்காஸ்டும் யூடியூப் சேனலும் நடத்துபவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. எந்த டிரேடில் யாருக்கு ‘ஏ’ கிரேடு, யாருக்கு ‘எஃப்’ என்று மதிப்பெண் போடுகிறீர்கள். அந்த நிகழ்ச்சியில் பத்து நிமிடத்தைப் பத்து நாள் ஒப்பந்தக்காரர்களுக்கு ஒதுக்குங்கள். ஜனவரி 5 முதல் பிப்ரவரி கெடுவரை யார் யார் எந்த அணியில் சேர்ந்தார்கள், அவர்களில் யாருக்கு இரண்டாவது முறை கிடைத்தது, யார் ஜி லீகுக்குத் திரும்பினார்கள் என்று வாரம் ஒருமுறை சொல்லுங்கள். தகவலெல்லாம் பொதுவில் இருக்கிறது. கேட்பவர் எண்ணிக்கை முதலில் குறையத்தான் செய்யும். ஒரு பருவம் பொறுத்துப் பாருங்கள்.

மற்றவர்கள், இந்தப் பருவத்தில் ஓர் அணியின் பெஞ்சிலிருந்து ஒருவரை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். குறைந்தது நான்கு அணிகளைப் பார்த்தவராக இருக்கட்டும். ஆட்டம் முழுவதையும் பார்க்க முடியாத நாளில், முதல் கால்பகுதியின் கடைசி மூன்று நிமிடத்திலிருந்து இரண்டாம் கால்பகுதியின் பாதிவரை மட்டும் பாருங்கள். பந்து அவர் கையில் இல்லாதபோதும் அவரையே பாருங்கள். அவர் அணி மாறினால் நீங்களும் அவரோடு மாறுங்கள். புதிய அணியில் முதல் வாரம் எப்படிப் போகிறது என்று எழுதுங்கள்.